பள்ளிக்கூடத்தில் கோழியும் தோட்டமும்: டிசம்பரில் யார் வருவார்?

"எங்கள் தொடக்கப்பள்ளியில் தோட்டம் போட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கோழியும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்கு இடமுண்டா? நாலு கோழிக்கு என்னென்ன வேண்டும்?" இதுதான் நீங்கள் கேட்டது. அனுமதி, கூண்டு, தீனி என்று வரிசையாக எழுத உட்கார்ந்தேன். அப்புறம்தான் உங்கள் கடைசி வரி கண்ணில் பட்டது: "நான் தமிழாசிரியை. சுற்றுப்புற மன்றம் இந்த ஆண்டு என் தலையில். உதவிக்கு இன்னும் யாரும் சேரவில்லை." உங்கள் கேள்வியே அந்த வரியில்தான் இருக்கிறது. கோழி வளர்க்கலாமா என்பதைவிட, தனி ஆளாக இதையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள். தோட்டம் முடியும், கோழி இந்த ஆண்டு வேண்டாம். இவ்வளவுதான் என் பதில். காரணம் சொல்லத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் வேளாண்மை படித்தேன். நாமக்கல்லில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான்கு ஆண்டு மேற்பார்வை வேலை. 2006இல் இங்கே வந்து தோட்ட அமைப்பு வேலையில் சேர்ந்தேன். இதுவரை 11 பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் இன்றும் உயிரோடு இருப்பவை ஐந்து. நண்பர் ஒருவரின் தரைவீட்டுப் பின்புறம் ஐந்து பெட்டைக்கோழிகளை நான்கு ஆண்டு கூடமாட இருந்து பார்த்துக்கொண்டேன். பள்ளி வளாகத்துக்குள் நிரந்தரக் கோழிக்கூடு எதையும் நான் கட்டியதில்லை. கால்நடை மருத்துவரும் அல்லன். ஆகையால் தோட்டம் பற்றி அடித்துச் சொல்வேன். கோழி விஷயத்தில் எது பண்ணையில் கற்றது, எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

அனுமதியை முதலில் முடித்துவிடுவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்கக் கூடாது. அதில் சந்தேகமே இல்லை. பண்ணை அல்லாத மற்ற இடங்களில் செல்லப்பிராணியாக 10 வரை வைத்துக்கொள்ளலாம். காட்டுப் பறவைகள் உள்ளே வர முடியாதபடி அடைப்பு இருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. பறவைக் காய்ச்சலை நினைத்து வைத்த விதி அது. முன்பு வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பார்த்த இந்த வேலை 2019 ஏப்ரலில் இருந்து தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் இருக்கிறது. ஆனால் தரைவீட்டுக்காரருக்குச் சொன்னது பள்ளிக்கும் அப்படியே பொருந்தும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பள்ளி முதல்வர் வழியாக அந்தப் பிரிவுக்கும் கல்வி அமைச்சுக்கும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். முதல்வர் மாறினால் கோழி அநாதையாகிவிடும். கோப்பு இருந்தால் அடுத்தவரிடம் காட்டலாம்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம் அக்கம்பக்கம். உங்கள் பள்ளியைச் சுற்றி நாலு பக்கமும் அடுக்குமாடி புளோக்குகள் இருக்கும். 2017 தொடக்கத்தில் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த 24 கோழிகளைப் பிடித்துக் கருணைக்கொலை செய்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பாளர்கள் சிலர் புகார் செய்ததுதான் தொடக்கம். பிறகு ஏன் கொன்றீர்கள் என்று ஊரே கொதித்தது. கோழி பிடிக்காதவர்கள் ஒரு பக்கம், கோழிக்காகக் கண்ணீர் விடுபவர்கள் மறுபக்கம். நடுவில் அகப்பட்டுக்கொள்வது நீங்கள்.

இனி நாள்காட்டி. என் பதிலின் மையமே இதுதான். பள்ளி ஆண்டில் நான்கு தவணை, தவணைக்குப் பத்து வாரம். நாற்பது வாரத்துக்கு 200 நாள். பொது விடுமுறைகளைக் கழித்தால் 190 சொச்சம். மீதி 170 நாளுக்கு மேல் பள்ளியில் பிள்ளைகள் இல்லை. மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டு இறுதியில் ஆறு வாரம், இவற்றோடு எல்லாச் சனி ஞாயிறும். கோழிக்கு 365 நாளும் பசிக்கும். செடிக்கும் தாகம் உண்டு, ஆனால் அது சொல்லாது, செத்துப்போகும். செத்த செடியைப் பிடுங்கிவிட்டு வேறு நடலாம். செத்த கோழியைத் தொடக்கநிலை 2 பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்?

நான் போட்டுக் கொடுத்த தோட்டங்களில் ஆறு செத்ததாகச் சொன்னேன் அல்லவா? அதில் நான்கு, முதல் டிசம்பரைத் தாண்டவில்லை. ஒரு பள்ளி நன்றாக நினைவிருக்கிறது. அக்டோபரில் அமைச்சர் அளவுக்கு விருந்தினர் வந்து படம் எடுத்துக்கொண்டு போன தோட்டம் அது. வெண்டை ஆளுயரம், பாகல் பந்தல் முழுக்கக் காய். ஜனவரி 3ஆம் தேதி போய்ப் பார்த்தேன். பாத்தி எது, பாதை எது என்று தெரியவில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இங்கே நடப்பது நேர்மாறு. வடகிழக்குப் பருவமழையில் டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. களை மண்டுகிறது, வேர் அழுகுகிறது, நத்தை பெருகுகிறது, மூலையில் கிடந்த வாளியில் கொசுப்புழு நெளிகிறது. தண்ணீர் ஊற்ற ஆள் தேவைப்படுவது ஜூன் விடுமுறையில். டிசம்பரில் தேவைப்படுவது களை பிடுங்கவும் தேங்கிய நீரைக் கொட்டவும்தான். இரண்டும் வெவ்வேறு வேலை. ஆளும் பெரும்பாலும் வெவ்வேறு.

ஆகவே என் யோசனை இது: இந்த ஆண்டு தோட்டம் மட்டும் போடுங்கள். அது ஒரு டிசம்பரைத் தாண்டி ஜனவரியில் பச்சையாக நின்றால், உங்களிடம் விடுமுறையிலும் வருகிற ஆள்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது கோழி பற்றிப் பேசலாம். பெற்றோர் ஆதரவுக் குழுவில் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் புளோக்கில் ஓய்வுபெற்ற தாத்தா பாட்டி யாராவது இருப்பார்கள். சமூகத் தோட்டத்தில் கை வைத்தவராக இருந்தால் விடவே விடாதீர்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற சமூகத் தோட்டத் திட்டத்தால் இப்போது எல்லா வட்டாரத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை ஆறரை மணிக்கு மண்வெட்டியோடு நிற்கிற சீனப் பாட்டி ஒருவர், பத்து ஆர்வமுள்ள இளைஞர்களுக்குச் சமம்.

தோட்டத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அந்த இடத்தில் வெயில் விழுகிறதா என்று பார்த்தீர்களா? பள்ளிகள் தோட்டத்துக்குக் கொடுப்பது பொதுவாக வேறு எதற்கும் ஆகாத இடம். கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில். கீரைக்கு நாளுக்கு நான்கு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், காய்க்கும் செடிகளுக்கு ஆறு. நம் ஊரில் ஒரு சூட்சுமம் உண்டு; பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதால் உச்சிச் சூரியன் ஜூனில் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே சாய்ந்திருக்கும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரம் சுமார் 16 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் அதன் உச்சிவேளை நிழல் வடக்குப் பக்கம் ஏழு மீட்டருக்கு மேல் நீளும். ஜூனில் அதே இடத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கட்டடத்துக்கு வடக்கே ஜூனில் இடம் பார்த்துப் பாத்தி போட்டவர்கள், ஆண்டு இறுதியில் "செடி ஏன் வெளுத்துப்போகிறது" என்று உரத்தைக் கொட்டுவார்கள். உரத்தின் தவறே இல்லை அது.

மண் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளி நிலத்தை அரை அடி தோண்டினால் கல், சிமெண்டுத் துண்டு, இறுகிய களிமண் எல்லாம் வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 30 சென்டிமீட்டர் உயரத்தில் மேட்டுப்பாத்தி கட்டி மண் வாங்கி நிரப்புங்கள். பெரியவர்களுக்கென்றால் பாத்தியின் அகலம் 1.2 மீட்டர் இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையின் கை அவ்வளவு எட்டாது, 90 சென்டிமீட்டரோடு நிறுத்துங்கள். எட்டாத இடத்தைத் தொட பிள்ளை பாத்திக்குள் காலை வைக்கும். "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்பார்கள். தொடக்கநிலை 1 மிதித்தால் நாற்று சாகும்.

என்ன நடுவது? பத்து வாரத் தவணையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். முளைக்கீரையும் கங்கோங் கீரையும் விதைத்த நான்கு வாரத்தில் கைக்கு வரும். தவணையின் இரண்டாம் வாரம் விதைத்தால் ஆறாம் ஏழாம் வாரத்தில் அறுவடை. ஏதாவது சொதப்பினாலும் இன்னொரு முறை விதைக்க நேரம் இருக்கும். வெண்டை ஏழு வாரத்தில் காய்க்கத் தொடங்கும், காராமணி எட்டு வாரம். கத்தரி ஒரு தவணைக்குள் அடங்காது. தக்காளி கேட்பார்கள், எல்லாப் பள்ளியிலும் முதலில் கேட்பது அதுதான். இரவிலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும் ஊரில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்கத் திணறும். பிடித்தாலும் மண்ணில் உள்ள வாடல் நோய்க் கிருமி, நேற்றுவரை நன்றாக நின்ற செடியை இன்று துவளவிட்டுவிடும். ஒரு தொட்டியில் சிறுதக்காளி வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், பாத்தியை அதற்குக் கொடுக்காதீர்கள்.

விடுமுறைக்கென்றே ஒரு பாத்தி ஒதுக்கச் சொல்வேன். வள்ளிக்கிழங்கு, மரவள்ளி, இஞ்சி, மஞ்சள், பாண்டான், ஓரத்தில் கறிவேப்பிலை. ஆறு வாரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் இவை தாங்கும். நீங்கள் தமிழாசிரியை என்பதால் ஒரு விஷயம்: மே மாதம் மஞ்சள் கிழங்கை நட்டால் ஜனவரியில் பள்ளி திறந்த கையோடு பொங்கலுக்கு இலையும் கிழங்குமாக மஞ்சள்கொத்து தயாராக நிற்கும். தேக்காச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் கொத்தைப் பிள்ளைகளே பிடுங்கிப் பானையில் கட்டலாம். நான் பார்த்தவரை பள்ளித் தோட்டத்தில் மற்ற இனத்துப் பிள்ளைகளும் ஓடிவந்து நிற்கும் நாள் அதுதான்.

கொசு. இதில் விளையாட்டே கூடாது. 2020இல் இந்தத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். பந்தலுக்கு மூங்கில் நடுவதாக இருந்தால் மேல்முனையின் குழியை அடைத்துவிடுங்கள்; மழைநீர் அங்கே தேங்கும், அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. இறுகிப்போன தொட்டி மண்ணின் மேல் நீர் நிற்கும், அதைக் கிளறிவிட வேண்டும். பூவாளிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து புழுவைக் காட்டினால் அன்றோடு உங்கள் தோட்டக்கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெரிய ஆப்பிரிக்க நத்தை. எலியிடமிருந்து வரும் நுரையீரல் புழுவை அது சுமக்கும், அந்தப் புழு மனித மூளையைத் தாக்கக்கூடும். பிள்ளைகள் வெறுங்கையால் நத்தையைப் பொறுக்கக் கூடாது. கையுறையோ இடுக்கியோ வேண்டும். கீரையைக் கழுவிச் சமைத்தே கொடுங்கள்.

தோட்டக்காரர்கள் உறுதியாகச் சொல்லும் சில விஷயங்களில் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்பார்கள். மண்ணில் உள்ள நூற்புழுவை அது குறைப்பது உண்மை, அதுவும் பாத்தி முழுக்க நெருக்கி நட்டால்தான். பறந்து வரும் பூச்சியை வரப்புச் செண்டுமல்லி தடுத்து நான் பார்த்ததில்லை. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் சுண்ணாம்புச் சத்து என்பார்கள். மாவாக அரைக்காவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தானே வளர்த்த கீரையைப் பிள்ளை விரும்பிச் சாப்பிடும் என்பதைக் கூட்டங்களில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்கள். சில பிள்ளைகள் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அறுவடை செய்து, படம் எடுத்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கோழித்துண்டு கேட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

சரி, தோட்டம் டிசம்பரைத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கோழி. சேவல் வேண்டாம், சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். முட்டையிட்ட பெட்டையும் கேறும், ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுப்பாது. பெட்டையில் மூன்றுக்குக் குறைவாக வேண்டாம், அது கூட்டமாக வாழும் உயிர். நான்கு சரியான கணக்கு.

நம் ஊரில் கூட்டை வடிவமைக்கும்போது எல்லாரும் மறப்பது சூரியன் அடையும் நேரம். இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது. கோழி இருட்டும்போது தானே கூட்டுக்குள் போய்விடும். ஆனால் ஏழு மணிக்குக் கதவைச் சாத்தப் பள்ளியில் யார் இருப்பார்? ஆகவே இரவில் சாத்த வேண்டிய கூடு, பகலில் திறந்த அடைப்பு என்று இரண்டாகக் கட்டாதீர்கள். கோழி நடமாடும் அடைப்பு முழுவதையுமே கோட்டையாகக் கட்டிவிடுங்கள். எதிரி யார் தெரியுமா? மலைப்பாம்பு. சிங்கப்பூரின் கால்வாய்களில் அது தாராளமாக உலவுகிறது. உடும்பு, மரநாய், எலி, காகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கம்பிவலை, கோழியை உள்ளே வைத்திருக்கும். பாம்பையும் எலியையும் வெளியே வைக்காது. நண்பரின் ஐந்து கோழியில் இரண்டு ஒரே இரவில் போனது அந்த வலையால்தான். வலையை வாங்கிக் கொடுத்தவன் நான். பற்றவைத்த 12 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி வலை வேண்டும். தரைக்கு அடியில் 30 சென்டிமீட்டர் புதைக்க வேண்டும். மேலே ஒழுகாத கூரை, காட்டுப் பறவையின் எச்சம் விழாமல் இருக்க. ஒரு கோழிக்கு நடமாட ஒரு சதுர மீட்டராவது வேண்டும். அதற்கும் மேல் இருந்தால் நல்லது. காற்று நன்றாக ஓட வேண்டும். கோழிக்கு வியர்க்காது. நம் பிற்பகல் புழுக்கத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்; நிழலும் குளிர்ந்த நீரும் இல்லாவிட்டால் சுருண்டுவிடும்.

தீனி சுலபம். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்னும். நான்குக்கு மாதம் 13 கிலோ. முட்டைக்கோழித் தீவனம் என்று கேட்டு வாங்குங்கள், சுண்ணாம்புச் சத்து அதில் கலந்திருக்கும். சிற்றுண்டிச்சாலை மிச்சத்தைக் கொட்டலாமே என்று யாராவது கேட்பார்கள், உணவு வீணாவதைத் தடுப்போம் என்று பதாகைகூட எழுதுவார்கள். கூடாது. உப்பும் எண்ணெயும் இறைச்சியும் கலந்த சோறு இந்த வெக்கையில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். கோழிக்கு முன் எலி வரும். கீரைத் தண்டு, பாகல் இலை, களையோடு வந்த புழு இவை போதும், அதுவும் கொஞ்சமாக. தீவனத்தைத் தகர டின்னில் மூடி வையுங்கள். நெகிழிப் பெட்டியை எலி ஓர் இரவில் துளைத்துவிடும்.

தரையில் மரத்தூளும் காய்ந்த இலையும் கனமாகப் பரப்பி, எச்சத்தோடு சேர்த்துக் கிளறவிட்டு, மாதக்கணக்கில் கழித்து அள்ளும் முறையைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். நாமக்கல்லின் வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். இங்குள்ள ஈரத்தில் அது சரிப்படுமா என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. கூரையும் சாரல் மறைப்பும் சரியாக இருந்தால் முடியும் என்பது என் கணிப்பு. ஒருமுறை நனைந்தால் போதும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், ஈ மொய்க்கும், ஈரத்தில் பெருகும் நுண்ணுயிரியால் ரத்தக்கழிச்சல் வரும். எனவே வாரம் ஒருமுறை அள்ளிவிடுங்கள். அள்ளியதை நேரே பாத்தியில் போடாதீர்கள், செடி கருகும். அதைவிட முக்கியம் கிருமி. மட்காத எருவைப் போட்டால் மண்ணைத் தொடும் பயிரை 120 நாள் கழித்தே அறுக்கலாம் என்கின்றன அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள். நம் கீரையோ 28 நாள் பயிர். காய்ந்த இலையோடு கலந்து மட்கவைத்து, நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறி அடங்கிய பிறகே பாத்திக்குப் போக வேண்டும். எருவுக்காகத்தான் கோழி என்றால், உருண்டைகளாக்கிய கோழி எரு செடி விற்கும் கடைகளில் பையில் கிடைக்கிறது.

கோழி பார்க்க எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடும். தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும், முகத்தோடு கோழியை அணைத்துப் படம் எடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் வளாகத்துக்குள்ளேயே பாலர் பள்ளி இருந்தால் அவர்கள் வலைக்கு வெளியே நின்று பார்க்கட்டும். ஒரு கோழி சோர்ந்தால் மருத்துவரிடம் காட்டலாம், ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவரும் கோழி பார்ப்பதில்லை. பார்ப்பவரை முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள். இரண்டு மூன்று ஒரே நேரத்தில் சட்டென்று செத்தால் தொடவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். உடனே விலங்குநல மருத்துவச் சேவைக்குத் தகவல் சொல்லுங்கள்.

முட்டை பற்றி ஆசை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். இளம் பெட்டை நான்கு இருந்தால் வாரத்துக்கு இருபது முட்டை கிடைக்கும். முழுக்க வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், விற்க வேண்டாம், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை 5 கணக்குக்கு இது நல்ல தீனி: உள்ளே போன தீவனம் எத்தனை கிராம், வெளியே வந்த முட்டை எத்தனை கிராம் என்று தினம் நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோ முட்டைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ தீவனம் என்று வரும். சந்தையில் முட்டை விலை ஏன் ஏறுகிறது என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகள் தவித்த கதையையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் அந்த இருபது முட்டை இரண்டு ஆண்டுக் கதை. அதன்பின் குறைந்துகொண்டே வரும், கோழியோ ஆறு ஏழு ஆண்டு வாழும். பண்ணையில் இதற்கு விடை சுலபம். ஏறத்தாழ 80 வார வயதில் லாரி வரும். பள்ளியில் பெயர் வைத்து வளர்த்த கோழிக்கு லாரி வரவைக்க முடியுமா? முட்டை நின்ற கோழியை யார் வைத்துக்கொள்வது, இறந்தால் என்ன செய்வது என்பதை முதல் கோழி வரும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதனால்தான் அடைகாக்கும் பெட்டியில் குஞ்சு பொரிக்கும் திட்டத்தையும் நான் ஊக்குவிப்பதில்லை. 37.5 டிகிரியில் 21 நாள், ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வரும். அந்தக் காலைப்பொழுதைப் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். பிறந்ததில் பாதி சேவல். அந்தச் சேவல்களை ஏற்க ஆள் கிடைக்காது. பாலர் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று மாதச் சேவல் நான்கை வைத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். என்னிடமும் விடையில்லை.

கோழியே இல்லாமல் கோழிப் பாடம் நடத்த ஒரு வழி இருக்கிறது. உங்கள் வட்டாரத்திலேயே புல்தரையில் கோழி திரியும். சிங்கப்பூரில் பல இடங்களில் திரிகிறது. உலகத்து வீட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி இந்தத் தீவின் சொந்தப் பறவை. சாம்பல் நிறக் கால், காதருகில் வெள்ளைப் புள்ளி, வாலடியில் வெள்ளைத் திட்டு இவற்றை வைத்துச் சேவலை அடையாளம் பார்க்கலாம். வீட்டுக்கோழியோடு கலந்தவையும் நிறைய உண்டு, ஆகவே "இது அசல்" என்று நான் எளிதில் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தள்ளி நின்று பார்க்க வையுங்கள். தீனி போடக் கூடாது. காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது 2020 ஜூனிலிருந்து குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொற்களை எழுத வையுங்கள்: சேவல் கூவுகிறது, பெட்டை கேறுகிறது, குப்பையைக் கிளறுகிறது, மண்ணில் குடைந்து குளிக்கிறது, அடை காக்கிறது, குஞ்சைச் சிறகுக்குள் அணைக்கிறது. அத்தனைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. பாடநூலில் படித்து மறந்த பிள்ளைகூட, கண்ணால் பார்த்த பின் "கிளறுது டீச்சர், கிளறுது" என்று கத்தும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. கொடுத்த இடத்தின் ஒரே மூலையில் நின்று காலை ஒன்பது, மதியம் ஒரு மணி, மாலை நான்கு மணிக்கு மூன்று படம் எடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் பார்த்துப் படத்திலேயே குறியுங்கள். பக்கத்துக் கட்டடம் எத்தனை மாடி என்பதும் வேண்டும். அவற்றை இங்கே பதிவிட்டால் எந்தப் பாத்தி எங்கே வரலாம் என்று சொல்கிறேன்.